வருமானத்தில் உணவின் பங்கு



சம்பள நாள் வந்துவிட்டால் தோட்டத்து வீடாக இருந்தாலும் நகரத்து அடுக்குமாடி வீடாக இருந்தாலும் முதலில் பேசப்படுவது மளிகைக் கடைப் பற்றுதான். அரிசிக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிச் சிற்றுண்டிக்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுகிறோம். எண்ணி முடிப்பதற்குள் கையிலிருந்த பணம் பாதியாகிவிடுகிறது. "இவ்வளவும் எங்கே போயிற்று?" என்று கணவர் கேட்கிறார். "எல்லாம் உங்கள் வயிற்றுக்குத்தான் போயிற்று" என்று மனைவி சொல்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரிடமும் கணக்கு இல்லை. வருமானத்தில் எவ்வளவு பங்கு உணவுக்குப் போகிறது, அந்தப் பங்கு நமக்கு எதைச் சொல்கிறது என்பதைப் பற்றி இன்று சற்று விரிவாகச் சிந்திப்போம்.

இந்தக் கேள்வி புதியதன்று. எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் 1857ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்தார். பெல்ஜியம் நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை அவர் எடுத்துப் பார்த்தார். பிறர் உதவியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தம் செலவில் 100க்கு ஏறத்தாழ 71 பங்கை உணவுக்கே கொடுத்தன. சொந்த உழைப்பில் ஒருவாறு காலந்தள்ளிய குடும்பங்கள் 67 பங்கைக் கொடுத்தன. சற்று வசதியாக இருந்த தொழிலாளர் குடும்பங்களோ 62 பங்கைக் கொடுத்தன. வருமானம் குறையக் குறைய உணவின் பங்கு கூடும். வருமானம் உயர உயர உணவின் பங்கு குறையும். இதைத்தான் இன்றும் எங்கல் விதி என்று உலகம் அழைக்கிறது.

காரணம் எளியது. பணக்காரரானாலும் ஏழையானாலும் வயிறு ஒன்றுதான். பத்து மடங்கு சம்பளம் வாங்குபவர் பத்து மடங்கு சோறு சாப்பிட முடியாது. அவர் நல்ல மீனும் விலையுயர்ந்த பழமும் வாங்கலாம். உணவுக்குக் கொடுக்கும் வெள்ளியும் கூடலாம். ஆனால் வருமானம் ஏறும் அளவுக்கு அந்தச் செலவு ஏறுவதில்லை.

நம் முன்னோர் பிறந்த இந்தியாவிலும் இதைக் காணலாம். 1999-2000ஆம் ஆண்டில் இந்தியக் கிராமத்துக் குடும்பங்களின் செலவில் 100க்கு 59 பங்கு உணவுக்குப் போயிற்று. 2022-23ஆம் ஆண்டின் அரசாங்க ஆய்வில் அது 46 பங்காகக் குறைந்திருந்தது. நகரங்களில் 48 பங்காக இருந்தது 39 ஆயிற்று. மக்கள் குறைவாகச் சாப்பிடத் தொடங்கினார்கள் என்பதன்று இதன் பொருள். மற்றச் செலவுகளுக்கும் கையில் காசு வந்தது என்பதே பொருள்.

மலேசியாவின் நிலை என்ன? புள்ளிவிவரத் துறை நடத்திய 2022ஆம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வின்படி, ஒரு குடும்பம் சராசரியாக மாதத்திற்கு 5,150 வெள்ளி செலவு செய்தது. அதில் வீடு, தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகியவற்றுக்கு 100க்கு 23.2 பங்கு. வீட்டில் சமைத்து உண்ணும் உணவுக்கும் பானங்களுக்கும் 16.3 பங்கு. உணவகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் 16.1 பங்கு. போக்குவரத்துக்கு 11.3 பங்கு. இந்தக் கணக்கில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. வீட்டு அடுப்புக்குப் போகும் பணமும் வெளியில் சாப்பிடுவதை உள்ளிட்ட உணவகச் செலவும் ஏறத்தாழ ஒரே அளவு. இரண்டையும் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. ஆகவே "வீட்டுச் சாமான் வாங்கியது இவ்வளவுதான்" என்று சொல்லி நம் உணவுக் கணக்கை முடித்துவிட முடியாது.

இனி நமக்கு நன்கு பழக்கமான ஓர் இடத்துக்கு வருவோம். கோலாலம்பூரின் செந்தூலை அறியாத தமிழர் இந்நாட்டில் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரயில்வே பட்டறை அமைந்தது. பட்டறையைச் சுற்றித் தமிழர் குடியிருப்பு வளர்ந்தது; கோவிலும் பள்ளியும் சந்தையும் வளர்ந்தன. பிற்காலத்தில் சிலாங்கூரின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது தோட்டத்து மக்கள் நகரை நோக்கி வந்தார்கள். இன்றைய புத்ராஜெயாகூட ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களுமாக இருந்த நிலந்தான். அப்படித் தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு உறவினரும் வாடகை வீடும் உள்ள இடமாகச் செந்தூல் போன்ற வட்டாரங்கள் அமைந்தன.

அதனால் நம்மில் பல குடும்பங்களுக்கு இரண்டு கிளைகள் உண்டு. அண்ணன் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். தம்பி செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து தொழிற்சாலைக்குப் போகிறார். தீபாவளிக்குத் தம்பி குடும்பம் தோட்டத்துக்கு வந்தால், "கொழுந்தனாருக்கு என்ன குறை, பட்டணத்துச் சம்பளம்" என்று அண்ணி நினைக்கிறார். தம்பி மனைவியோ, "அக்காவுக்கு வாடகை இல்லை, கீரை வாங்க வேண்டியதில்லை" என்று நினைக்கிறார். இருவரில் யார் சரி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக நாம் போடும் கணக்கு. உங்கள் வீட்டுத் தொகைகள் வேறாக இருக்கலாம்.

தோட்டத்து அண்ணன் வீட்டு வருமானம் மாதம் 2,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உணவுக்கு 960 வெள்ளி. அதாவது 100க்கு 40 பங்கு. செந்தூல் தம்பி வீட்டில் இருவரும் வேலை செய்து 3,600 வெள்ளி வருகிறது. உணவுக்கு 1,260 வெள்ளி. அதாவது 100க்கு 35 பங்கு. எங்கல் விதியை மட்டும் பார்த்தால் தம்பி வீடு சற்று மேலான நிலையில் இருக்கிறது.

ஆனால் மற்றச் செலவையும் கழித்துப் பாருங்கள். அண்ணனுக்கு வீட்டு வாடகை இல்லை. போக்குவரத்துக்கு 150 வெள்ளி. உணவையும் போக்குவரத்தையும் கழித்தால் கையில் மிஞ்சுவது 1,290 வெள்ளி. தம்பிக்கு வாடகை 900 வெள்ளி; மோட்டார் தவணையும் ரயில் கட்டணமுமாக 500 வெள்ளி. உணவையும் கழித்தால் மிஞ்சுவது 940 வெள்ளி. 1,200 வெள்ளி கூடுதலாகச் சம்பாதிக்கும் தம்பி வீட்டில், கடைசியில் 350 வெள்ளி குறைவாக நிற்கிறது. அந்தப் பணத்தில்தான் மின்சாரம், துணி, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் நடக்க வேண்டும்.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று உண்டு. உணவின் பங்கு குறைந்தால் வாழ்வு உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வாடகைக்காரர் காத்திருக்க மாட்டார். மோட்டார் தவணையைக் கட்டாவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மின்சாரக் கட்டணம் நின்றால் விளக்கு அணைந்துவிடும். வீட்டுச் செலவுகளில் வாய் பேசாமல் குறையக் கூடியது உணவு ஒன்றுதான். மீன் கருவாடாகும், கருவாடு வெறும் ரசமாகும், பால் சர்க்கரைத் தண்ணீராகும். வெளியார் கண்ணுக்கு இது தெரியாது. கணக்கிலே பார்த்தால் உணவுச் செலவு குறைந்திருக்கும். பிள்ளையின் உடம்பில்தான் அதன் உண்மை தெரியும்.

இது கற்பனையன்று. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப், கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தனர். 15 பேர் எடை குறைந்திருந்தனர். அதே வேளையில் 23 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தனர். ஒரே கட்டடத்தில் ஒரு பிள்ளை மெலிந்தும் ஒரு பிள்ளை ஊதியும் இருப்பது எப்படி? இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கக்கூடும். கையில் காசு குறைந்தால் வயிற்றை விரைவில் நிரப்பும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் கூடுகின்றன. உடம்பை வளர்க்கும் மீனும் முட்டையும் பயறும் கீரையும் குறைகின்றன. அந்த ஆய்வில் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை, உணவு விலை ஏற்றத்தால் பிள்ளைகளுக்குச் சத்தான உணவு சமைக்க இயலவில்லை என்றே கூறின.

பெரியவர்களின் நிலையும் அப்படித்தான். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், நாட்டின் வயது வந்தோரில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31ஆக இருந்தது. அதே ஆய்வில், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 பேருக்கு 3 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் மிஞ்சிய குழம்பை ஊற்றிச் சாப்பிடும் பழக்கம் நம் தாய்மாரிடம் இன்றும் உண்டு. உணவுச் செலவைக் குறைக்க வேண்டி வரும்போது முதலில் குறைவது பெரும்பாலும் தாயின் தட்டுதான். அந்தக் குறை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

உணவின் பங்கு கூடுதலாக உள்ள குடும்பத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அது விலையேற்றம். உணவுப் பொருள்கள் 100க்கு 10 பங்கு விலை ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தில் 15 பங்கை உணவுக்குக் கொடுக்கும் வீட்டுக்கு அதனால் வரும் கூடுதல் சுமை வருமானத்தில் ஒன்றரைப் பங்கு. 40 பங்கைக் கொடுக்கும் வீட்டுக்கோ அது 4 பங்கு. கடையில் விலைச்சீட்டு ஒன்றுதான். அடி மட்டும் ஏழைக்கு ஓங்கி விழுகிறது.

2023ஆம் ஆண்டில் இதைக் கண்கூடாகக் கண்டோம். அந்த ஆண்டு ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் 1ஆம் தேதி முதல் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது. அரசாங்கம் உச்சவிலை வைத்திருந்த உள்நாட்டு வெள்ளை அரிசியோ, 10 கிலோ மூட்டை 26 வெள்ளி என்ற அந்த அரிசியோ, பல கடைகளில் கண்ணில் படவேயில்லை. எங்கோ டில்லியில் எடுத்த ஒரு முடிவு நம் உலைப்பானை வரை வந்து சேர்ந்தது.

நேயர்களே, உணவுக் கணக்குக்கும் நம் கூலிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத் தொழிலாளியின் கூலியை முடிவு செய்ததில் இந்தியர் குடியேற்றக் குழுவுக்குப் பெரும் பங்கு இருந்தது. தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் அரசாங்க அதிகாரிகளுமே அதில் பெரும்பான்மையினர். ஒரு தொழிலாளி வாழ என்னென்ன வேண்டும், அதற்கு என்ன விலையாகும் என்று அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைக் கொண்டே கூலியை நிர்ணயித்தார்கள். 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று ஆயிற்று. ரப்பர் விலை விழுந்ததும் 1930ஆம் ஆண்டில் அது 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. இரு தடவையும் ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்குதான் பெண்ணுக்கு. அரிசி விற்ற கடைக்காரர் பெண்ணுக்கென்று ஐந்தில் ஒரு பங்கு விலை குறைத்தாரா? இல்லை.

1937ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, பழைய 50 காசும் 40 காசும் திரும்பக் கொடுக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டுமன்றிக் கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றிருந்தது. வந்த கூலி வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கோரிக்கையில் தெரிகிறது. அப்போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிர் நீத்தார்கள். 1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான பிறகுதான், கூலிப் பேச்சு மேசையில் நம் ஆட்களும் உட்கார்ந்து தம் கணக்கைச் சொல்லும் நிலை வலுப்பெற்றது.

இன்று குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளியில் தொடங்கிய அந்தத் தொகை, 2022ஆம் ஆண்டில் 1,500 வெள்ளியாகவும் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது. ஏழ்மைக் கோடும் இப்படித்தான் மாறியது. ஒரு குடும்பம் உடல்நலத்தோடு வாழ என்ன உணவு வேண்டும், மற்றத் தேவைகள் என்ன என்பதைப் புதிதாகக் கணக்கிட்டபோது, 980 வெள்ளியாக இருந்த கோடு 2019ஆம் ஆண்டுக்கு 2,208 வெள்ளி என்று திருத்தப்பட்டது. ஒரே நாளில் மக்கள் ஏழைகளாகிவிடவில்லை. தட்டில் இருக்க வேண்டிய உணவைச் சரியாக எண்ணியதால் கோடு நகர்ந்தது. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதில் தெரிகிறதல்லவா?

சரி, நம் வீட்டில் என்ன செய்வது? கடைப் பற்று எழுதும் சிறிய 555 புத்தகத்தை அறியாதவர் நம்மில் இல்லை. கடன் எழுதிய அந்தப் புத்தகத்திலேயே ஒரு மாதம் நம் உணவுச் செலவை எழுதுவோம். நான்கு பிரிவு போதும். ஒன்று, வீட்டுக்கு வாங்கும் அரிசி, மீன், காய்கறி, எண்ணெய் முதலியன. இரண்டு, வெளியில் உண்டது, குடித்தது. மூன்று, பிள்ளைகளின் பள்ளிச் சிற்றுண்டிக் காசு. நான்கு, கடனாக வாங்கிய உணவுப் பொருள். கடனை வாங்கிய நாளில் ஒரு தடவை எழுதினால் போதும். அடைக்கும் நாளில் மறுபடியும் எழுதினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். தோட்டத்தில் இருப்பவர்கள் வீட்டுப் பின்புறத்து முருங்கைக் கீரைக்கும் கோழி முட்டைக்கும் கடை விலையைப் போட்டு ஓரமாகத் தனியே குறித்துக்கொள்ளலாம். நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் அவ்வளவையும் பணம் கொடுத்து வாங்க வேண்டும் என்பது அப்போது விளங்கும். மதுவும் சிகரெட்டும் உணவில் சேரா. அவற்றை வேறு பக்கத்தில் எழுதுவோம்.

மாத இறுதியில் மொத்த உணவுச் செலவை 100ஆல் பெருக்கி வருமானத்தால் வகுத்தால் பங்கு வந்துவிடும். உணவுக்கு 1,120 வெள்ளி, வருமானம் 3,200 வெள்ளி என்றால் பங்கு 35. பள்ளி செல்லும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுத் தந்துவிடும்.

இந்தப் பங்கு பாதியைத் தாண்டினால், அது சமைப்பவரின் கைக்குறையன்று, வருமானத்தின் குறை. அந்த வீட்டில் மனைவியைக் கடிந்து பயனில்லை. கிடைக்க வேண்டிய அரசாங்க உதவித்தொகை கிடைக்கிறதா, சம்பளம் சட்டப்படி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பங்கு மூன்றில் ஒன்றுக்குக் குறைவாக இருந்தும் பிள்ளைகள் மெலிந்திருந்தால், வாடகையும் தவணையும் உணவைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று பொருள். அங்கே குறைக்க வேண்டியது தவணைகளை. மீனையும் முட்டையையும் அன்று.

எழுதிப் பார்த்தால் சில வியப்புகளும் காத்திருக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 25 கிலோ அரிசி என்று கொள்வோம். கிலோ 2 வெள்ளி 60 காசு என்ற உச்சவிலையில் அது 65 வெள்ளி. அதே வீட்டில் ஒருவர் நாளுக்கு 5 வெள்ளிக்குக் காலையில் ரொட்டிச் சானாயும் தேநீரும் வெளியில் சாப்பிட்டால், 26 நாளைக்கு 130 வெள்ளி. ஐந்து பேரின் மாத அரிசியைப் போல் இரு மடங்கு, ஒருவரின் காலைச் சிற்றுண்டிக்குப் போகிறது. விடியுமுன் ரயில் ஏறுகிறவர்கள் எல்லா நாளும் வீட்டில் சமைத்துக்கொண்டு போக முடியாது என்பதும் உண்மையே. ஆயினும் வாரத்தில் மூன்று நாள் கட்டுச் சோறு கொண்டு போனாலே மாதத்தில் 60 வெள்ளிக்கு மேல் கடைக்குப் போகாது. சோற்றுக்கு ஆகும் செலவு போக மிஞ்சுவதில் முட்டையும் நெத்திலியும் பாசிப்பயறும் பிள்ளைகளின் தட்டுக்கு வரும். கணக்கு எழுதுவது வாயைக் கட்டுவதற்காக அன்று. உண்ண வேண்டியவர் உண்ண வேண்டியதை உண்பதற்காகத்தான். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற நம் பெரியோர், போடாதே என்று சொல்லவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். குடும்பச் செலவு ஆய்வுக்காகப் புள்ளிவிவரத் துறை அதிகாரிகள் சில வீடுகளின் கதவைத் தட்டுவார்கள். அப்படி வரும்போது கூச்சத்தால் செலவைக் கூட்டியோ கடனை மறைத்தோ சொல்ல வேண்டாம். சம்பளப் பேச்சின்போது சங்கத்துக்கும் நம் உண்மையான கணக்கைக் கொடுப்போம். ஒரு காலத்தில் நாம் எவ்வளவு அரிசி உண்ண வேண்டும் என்பதைப் பிறர் எழுதினார்கள். அதைக் கொண்டு நம் கூலியை வகுத்தார்கள். இன்று பேனா நம் கையில் இருக்கிறது. வரும் சம்பள நாளில் 555 புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, தேதியைப் போட்டு, அரிசி என்று எழுதத் தொடங்குவோம்.